ஷின் ஐயா தோற்ற வழக்கு

1

ஷின் ஐயா தேர்தலில் தோற்றுவிட்டார்.

இன்று காலை நான் வேலைக்குப் போனபோது அவருடைய மகள் யுன்ஹி கைத்தொலைபேசியைப் பிடித்தபடி சமையலறையில் நின்றாள். அடுப்பில் கோப்பி பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அடுப்பை நிற்பாட்டினேன்.

"தோற்றதற்காக நான் அழவில்லை, ஜெனோவா" என்றாள். "தோற்ற பிறகும் இங்கே வரமாட்டேன் என்கிறார். அதற்குத்தான் அழுகிறேன்."

அதன் பிறகு நான் துடைத்த நிலத்தையே திரும்பவும் துடைத்தேன். காயாத உடுப்பைக் கொடியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். பலெர்மோவில் வீடு துடைக்கிற ஒருத்தி, கொரியாவில் நடந்த தேர்தலுக்கு ஏன் இப்படி நிலைகொள்ளாமல் நிற்கிறாள் என்று ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்குத் தோன்றும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. என் பெயர் ஜெனோவா. ஊரில் எங்கள் வேதக் கோயிலடியில் மட்டும் நாலைந்து ஜெனோவாக்கள் இருந்தோம். ஒருவரும் அதை வித்தியாசமாகப் பார்த்ததில்லை. இங்கே பெயரைச் சொன்னதும், "ஓ, நீ வடக்கே ஜெனோவா நகரத்திலிருந்தா வந்தாய்?" என்று கேட்பார்கள். இல்லை, வன்னியிலிருந்து என்பேன். அது இத்தாலியின் எந்தப் பக்கம் என்று ஒருதரம் ஒரு மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

நாங்கள் பலெர்மோவின் சீசாப் பகுதியில் இருக்கிறோம். என் மனுசர் அன்ரன் கடைசிச் சண்டைக்குக் கொஞ்சம் முன்னமே இங்கு வந்தவர். குளிர்காலம் முழுக்கச் சியாகுல்லித் தோட்டங்களில் மன்டரின் தோடம்பழம் ஆய்கிற வேலை, மற்ற மாதங்களில் கிடைக்கிற வேலை. மகள் ஷாரோன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். சண்டை முடிந்தபோது அவள் என் இடுப்பில் இருந்த குழந்தை. அவளுக்கு அங்கத்தையது ஒன்றும் ஞாபகம் இல்லை. தமிழில் திட்டினால் இத்தாலியனில் பதில் சொல்வாள், அதுவும் சந்தைக்காரரின் சிசிலிய இழுவையோடு.

2

யுன்ஹி பாட்டுப் படிக்க வந்து, இங்கேயே கலியாணம் கட்டித் தங்கியவள். என்னைவிட இளையவள். மரியாதைக்குச் சிஞ்ஞோரா என்று கூப்பிடாதே, பெயரைச் சொல் என்பாள். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய தாய் இறந்த பிறகு தகப்பனைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டாள். அவருக்கு இதயத்தில் கோளாறு. தினமும் நடக்கவேண்டும், ஆனால் தனியாக விடக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அப்படித்தான் வீட்டு வேலையோடு ஷின் ஐயாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிற வேலையும் எனக்கு வந்தது.

கூட்டிப்போகிற வேலை என்று பெயர்தானே தவிர, நான் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ எங்கோ காத்திருப்பதுபோல நடப்பார். வாங்கிலில் உட்கார்ந்தால் காலாட்டுவார். கைத்தொலைபேசி சத்தம் போட்டால் எழும்பிவிடுவார். மத்தியானம் கடைகளெல்லாம் பூட்டிக்கிடக்கிற நேரத்தில், பூட்டிய கதவுகளைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். இந்த ஊர் நித்திரை கொள்வது அவருக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் இருவரிடமும் இருந்தது உடைந்த இத்தாலியன். அவருடையது என்னுடையதைவிட மோசம். அதனால் நிறைய நேரம் பேசாமல் இருப்போம். ஒருநாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "என் காசா போய்விட்டது" என்றார். காசா என்றால் வீடு.

"யாரால்? ஆமியாலா?" என்று கேட்டேன்.

"ஆமாம். ஆமியால்" என்றார்.

"என்னுடையதும்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என் முன்னால் தலையைக் குனிந்தார். பெரிய மனிதர்கள் எங்களுக்குத் தலை குனிவதில்லை. நானும் குனிந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அன்ரனிடம், "பாவமப்பா அந்த மனிசன். அவரின்ரை வீட்டையும் ஆமி இடிச்சுப் போட்டுது" என்றேன்.

"கொரியாவிலையும் உப்பிடியோ?" என்றார் அன்ரன்.

அதன்பிறகு அவருக்கென்று தனியாகச் சமைக்கத் தொடங்கினேன். நண்டுக் குழம்பு கொண்டுபோனால் கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிடுவார். நான் கடற்கரையில் இருந்து எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்வேன்: கிணற்றடி, அத்திவாரத்தோடு நின்றுபோன புது அறை, கூரையில் விழுந்த முதல் ஷெல். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. இந்த ஊரில் இத்தனை வருசமாக ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

3

மாசி மாதத்தில் ஒருநாள் ஷாரோன் வீட்டுத் திறப்பை மறந்துபோய், என்னிடம் வாங்க நேரே கடற்கரைக்கு வந்தாள். நாங்கள் வழக்கமான வாங்கிலில் இருந்தோம். என்ன படிக்கிறாய் என்று ஷின் ஐயா கேட்டார். சட்டம் என்றாள் அவள்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒடுங்கிக் கிடந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைகளை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். சொல் வராத இடத்தில் கைத்தொலைபேசியில் கொரியனில் எழுதி இத்தாலியனுக்கு மாற்றிக் காட்டினார். ஷாரோன் வாங்கிலின் நுனிக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, இவர் ஆர் எண்டு தெரியுமோ? ஆமியிலை லோயரா இருந்தவராம்! மேஜராம்! பிறகு விட்டிட்டு வந்து, அவங்கடை பார்லிமெண்டுக்கும் போனவராம்!"

"ஆமியிலையோ?" என்றேன். "பிள்ளை, வடிவாய்க் கேள். இவரின்ரை வீட்டையே ஆமி இடிச்சது."

ஷாரோன் கேட்டாள். அவர் விழித்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மாறி மாறிக் கதைத்தார்கள். பிறகு ஷாரோன் சிரிக்கத் தொடங்கினாள்.

"வீடு இல்லை அம்மா! காசா இல்லை, கவுசா. வழக்கு! ஆமியிலை இருக்கேக்கை ஒரு வழக்குத் தோத்தவராம். இவருக்கு அந்தச் சொல்லு வாயிலை வரேல்லை. நீங்கள் இவ்வளவு நாளும் வீடு எண்டோ நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?"

அவருக்கும் விளங்கி, அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கெடுதியும் இல்லை. இப்போது எழுதும்போது அது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். திறப்பை ஷாரோனின் கையில் வைத்தேன். "அவரை வீட்டிலை கொண்டுபோய் விட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் பேருந்துத் தரிப்பை நோக்கி நடந்தேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

4

எனக்கு ஒரு தம்பி. பெயர் அமலன். சண்டையின் கடைசி நாட்களில் களப்புத் தண்ணியைக் கடந்து ஆமியின் பக்கம் வந்தபோது நாங்கள் நாலு பேர்: நான், இடுப்பில் ஷாரோன், தம்பி, அவனுடைய மனுசி றஜனி. றஜனி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

இயக்கத்தில் ஒருநாளாவது இருந்தவர்களும் பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தம்பி இருந்தது கொஞ்சக் காலம், அதுவும் இயக்கம் பிடித்துக்கொண்டு போனதால். ஒளித்தால் பிறகு பிரச்சினை என்று யோசித்தோம். நானும் றஜனியும் அவனோடு போய் வரிசையில் நின்றோம். அவன் பேருந்தில் ஏறி யன்னலோரம் இருந்தான். ஷாரோனுக்குக் கைகாட்டினான். அவ்வளவுதான்.

ஒரு வருசம் கழித்து, தம்பியைப் பற்றி விசாரணை என்று கூப்பிட்டார்கள். போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஆமிச் சட்டத்தரணி என்று பிறகு சொன்னார்கள். நான் அதட்டுவார்கள் என்று பயந்துகொண்டு போயிருந்தேன். அவர் அதட்டவில்லை. வைத்தியரைப்போல மெதுவாகக் கதைத்தார். மொழிபெயர்ப்பவர் அதே மெதுவோடு தமிழில் சொன்னார். பேருந்தின் இலக்கம் என்ன? தெரியாது ஐயா. கூட்டிப்போனவரின் பெயர் என்ன? தெரியாது. சட்டையில் என்ன அடையாளம் இருந்தது? பார்க்கவில்லை. அப்படியென்றால் நீங்கள் பார்த்தது என்ன, அம்மா?

அந்த மெல்லிய குரலைச் சுமந்துகொண்டுதான் நான் இந்த ஊருக்கு வந்தேன். ஏன் இலக்கத்தைப் பார்க்கவில்லை என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். சண்டை முடிந்த நினைவாக வைகாசியில் எங்கள் ஆட்கள் கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்கும்போது, இறந்தவர்களுக்கு ஒரு பக்கமும் உயிரோடு இருப்பவர்களின் சுகத்துக்கு ஒரு பக்கமும் பெயர் எழுதவேண்டும். நான் ஒவ்வொரு வருசமும் தம்பியின் பெயரைச் சுகத்துக்கான பக்கத்தில் எழுதிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன்.

இதெல்லாம் அன்ரனுக்குத் தெரியும். ஆனாலும், "கொரியா ஆமி உனக்கு என்ன செய்தது? அந்த மனிசன் பாவம், பார்த்துக்கொண்டு இருக்கப்போறார்" என்றார்.

"உங்களுக்கு விளங்காது. நீங்கள் அங்கை நிக்கேல்லை" என்றேன்.

சொல்லக்கூடாத சொல். அவர் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார்.

5

அந்தக் கிழமையே ஒரு காலை வீட்டு மணி அடித்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். கீழே ஷின் ஐயா நின்றார், கையில் ஒரு பாத்திரத்தோடு. தனியாகப் பேருந்தில் வந்திருக்கிறார். எனக்குக் காய்ச்சலோ என்ன வருத்தமோ என்று நினைத்துத் தன் கையால் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டுப் படியை ஏறி வந்ததில் அவர் உதடு வெளிறிப்போயிருந்தது. தண்ணீர் கொடுத்து இருத்தினேன். ஷாரோன் அன்றைக்கு வகுப்பில்லாமல் வீட்டில் இருந்தாள்.

என்ன வருத்தம் என்று கேட்டார். எனக்கு ஒளிக்கத் தெரியவில்லை. "வருத்தம் இல்லை. நீங்கள் ஆமி" என்றேன்.

அவர் கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார். நான் ஆமி இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் ஆமி வேறு, எங்கள் ஆமி வேறு என்றும் சொல்லவில்லை. "நடந்ததைச் சொல்லுங்கள்" என்றார். பிறகு ஷாரோனைப் பார்த்து, "நீ மொழிபெயர்" என்றார்.

இத்தனை வருசத்தில் நான் ஷாரோனுக்குத் தம்பியின் கதையை முழுதாகச் சொன்னதில்லை. மாமா சண்டையில் காணாமல் போய்விட்டார் என்று மட்டும் தெரியும். இப்போது நான் ஒரு வசனம் சொல்ல, அவள் ஒரு வசனம் இத்தாலியனில் சொல்லவேண்டியதாயிற்று. முதலில் "அம்மா சொல்கிறார்" என்று தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அது விடுபட்டுப் போயிற்று. "நான் வரிசையில் நின்றேன். நான் தம்பியோடு போனேன்" என்று தன் வாயால் சொல்லிக்கொண்டு போனாள்.

"நாங்கள்தான் அவனை ஒப்படைச்சனாங்கள்" என்றேன்.

அவள் மொழிபெயர்ப்பதை நிறுத்தினாள். "ஒப்படைக்கிறது எண்டா என்னம்மா?"

"ஒரு ஆளைக் கொண்டுபோய்க் குடுக்கிறது."

அவள் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, "சீ, அது பார்சல் குடுக்கிறதுக்குச் சொல்லுறது" என்று தலையை ஆட்டினாள். வேறு சொல் தேடினாள். கிடைக்கவில்லை. கடைசியில் அந்தப் பார்சல் சொல்லையே சொன்னாள். "என்னையும் தூக்கிக்கொண்டோ நிண்டனீங்கள்?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள். ஓம் என்றேன்.

விசாரணையையும் சொன்னேன். மூன்று கேள்விகளையும் சொன்னேன். அதைக் கேட்டபோதுதான் ஷின் ஐயா முதல் தரம் இடையில் கதைத்தார். இந்தமுறை கைத்தொலைபேசியில் எழுதினார். எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். ஷாரோன் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள்:

"நீங்கள் என்ன பாத்தனீங்கள் எண்டு உங்களைக் கேட்டது பிழையாம் அம்மா. நீ ஆரைக் கொண்டுபோனனீ எண்டு, கொண்டுபோனவனைத்தான் கேக்கவேணுமாம். ஆள் அவன்ரை கையிலை இருந்தது. மறுமொழி சொல்லவேண்டியவன் அவன்தானாம். பஸ் நம்பரை நீங்கள் பாக்காதது ஒரு குற்றமே இல்லையாம்."

எழும்பிப் போய்க் கஞ்சியைச் சூடாக்கினேன். உப்பே இல்லை. மூன்று பேரும் குடித்தோம்.

6

அவருடைய வழக்கு என்ன என்பதையும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவர் ஒரு பேருந்துச் சாரதியின் மகன். சட்டப் பரீட்சையில் பாஸ் பண்ணியதும், ஆமியில் கட்டாயம் இருக்கவேண்டிய காலத்தைச் சட்டத்தரணியாகக் கழித்தார். பிறகு அங்கேயே தங்கிவிட்டார். ஆமிக்குள்ளேயே குற்றம் சாட்டி வழக்கு நடத்துகிற வேலை. ஒரு குளிர்காலத்தில் மலைப்பக்க முகாம் ஒன்றில் ஒரு இளம் சிப்பாய் செத்துப்போனான். தானே உயிரை மாய்த்தான் என்று அறிக்கை வந்தது. உடலில் இருந்த காயங்களை ஷின் ஐயா பார்த்திருந்தார். அந்தப் பையனின் தாய் நூடில்ஸ் கடை வைத்திருந்தவர். அறிக்கையை மாற்றாமல் உடலை எடுக்கமாட்டேன் என்று முகாம் வாசலில் வந்து நின்றார்.

மேலதிகாரிகள் கூப்பிட்டுச் சொல்லியும் கேட்காமல், ஷின் ஐயா அந்த முகாமின் அதிகாரிமேல் வழக்குப் போட்டார். சாட்சிக்கு வந்த சிப்பாய்கள் ஒவ்வொருவராக ஏறி, ஞாபகம் இல்லை என்றார்கள். வழக்குத் தோற்றது. அவரைக் களஞ்சியக் கணக்குப் பார்க்கிற இடத்துக்கு மாற்றினார்கள். அவர் விலகினார்.

பிறகு வெளியில் ஒரு சின்னச் சட்டத்தரணிக் கந்தோர். பிள்ளைகளை ஆமியில் இழந்த தாய் தகப்பன்மார் தேடி வந்தார்கள். எல்லா வழக்கும் ஆமியின் நீதிமன்றத்துக்கே போனது, எல்லாம் தோற்றது. அந்த நூடில்ஸ் கடைத் தாய்தான், "நீ நிற்கிற இடம் பிழை. சட்டம் எழுதுகிற இடத்துக்குப் போ" என்று துரத்தினாராம். தேர்தலில் நின்றார், தோற்றார். மறுபடி நின்றார், வென்றார். அந்தத் தாய் சந்தையில் அவருக்குப் பக்கத்தில் நின்று, போகிற வருகிற எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொன்னாராம்.

பாராளுமன்றத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஆமிக்குள் ஒருவன் செத்தால், அதை ஆமிக்கு வெளியே உள்ளவர்கள் விசாரிக்க வேண்டும். பழைய நண்பர்கள் துரோகி என்றார்கள். அந்தச் சட்டம் வெட்டிக் குறைத்துத்தான் வந்தது. அடுத்த தேர்தலில் அவருடைய கட்சியே அவருக்கு இடம் கொடுக்கவில்லை. பிறகு மனைவி இறந்தார். பிறகு இந்தக் கடற்கரை வாங்கில்.

"அந்தத் தாய் உடலை எடுத்தவவோ?" என்று கேட்டேன்.

அதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஊரிலிருந்து மச்சாள் றஜனி சில நாட்களுக்கு முன்னர்தான் போன் எடுத்திருந்தாள். அவள் இருக்கிற காணி தம்பியின் பெயரில். அதை அவள் பெயருக்கு மாற்ற, தம்பிக்கு மரணச் சான்றிதழ் வேண்டும் என்று அரசாங்கக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். மகன் வளர்ந்துவிட்டான், மழைக்கு ஒழுகுகிற கொட்டிலில் இன்னும் எவ்வளவு காலம் இருப்பது? "நீங்கள் சொல்லுங்கோ மச்சாள். நான் கையெழுத்து வைக்கட்டோ, விடட்டோ?" என்றாள். நான் இத்தாலியில் ஒழுகாத வீட்டில் இருந்துகொண்டு அவளுக்கு என்ன சொல்வது?

ஷின் ஐயாவிடம் அதைச் சொல்லி, நீங்கள் சட்டம் தெரிந்தவர், அவள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

அவர் குடித்து முடித்த கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அந்தத் தாய் மிகவும் பிந்தித்தான் உடலை எடுத்தார்" என்றார். "வழக்குத் தோற்ற பிறகும் எடுக்காதீர்கள் என்று சொன்னவன் நான். சரியாகச் சொன்னேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்கள் மச்சாளுக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கலாம். செத்தார் என்று எழுதுகிறவர்கள், எங்கே, எப்படி என்றும் எழுதுவார்களா?"

7

மறுநாள் நான் வேலைக்குப் போனேன்.

பங்குனியில் கொரியாவிலிருந்து அவருக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. அவர் கொண்டுவந்த அந்த அரைகுறைச் சட்டத்தையும் திரும்ப மாற்றப் பார்க்கிறார்கள் என்றும், அந்த நூடில்ஸ் கடை இருக்கிற நகரத்தில் இடைத்தேர்தல் வருகிறது என்றும் சொன்னார்கள். யுன்ஹி தகப்பனுடைய கைத்தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அவர் என்னுடையதை வாங்கிக் கதைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்று முழுசினேன்.

அவருடைய வதிவிட அனுமதிக்கு, இங்கே பெர்மெசோ என்போம், கைரேகை வைக்கவேண்டிய நாள் அப்போதுதான் வந்தது. யுன்ஹிக்கு வகுப்பு. எனக்கு அந்த வரிசையெல்லாம் பழக்கம் என்பதால் நான் கூட்டிப்போனேன். வரிசையில் எங்கள் ஊர்ப் பெண்கள், வங்காளப் பெடியன்கள், ஆபிரிக்கத் தாய்மார். ஷின் ஐயா சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல் எல்லாவற்றையும் வாசித்து முடித்தார். பிறகு என்னிடம், "எத்தனை சட்டத்துக்குக் கை உயர்த்தியிருக்கிறேன். அந்தச் சட்டத்துக்காக ஆட்கள் எங்கே நின்று காத்திருப்பார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை" என்றார்.

உள்ளே ஒரு இளம்பெண் அன்பாகத்தான் விபரம் கேட்டாள். தொழில் என்ன என்றாள். அவர் யோசித்தார்.

"வேட்பாளர்" என்றார்.

அவள் சிரித்துவிட்டு, ஓய்வுபெற்றவர் என்று எழுதிக்கொண்டாள். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "போறீங்களோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது. தலையாட்டினார்.

யுன்ஹி சத்தம் போட்டாள். தகப்பனுடைய நெஞ்சில் கை வைத்து, இது நின்றுபோனால் யார் பொறுப்பு என்று அழுதாள். அவர் அவளுடைய கையை எடுத்து அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். உயிர்த்த ஞாயிறு கழிந்து அவர் போனார். விமான நிலையத்துக்கு நாங்களும் போனோம். ஷாரோன் அவரை வழியனுப்பிவிட்டு வந்து, காரில் என் பக்கத்தில் இருந்தபடி, "அம்மா, மாமியின்ரை போன் நம்பரைத் தாங்கோ" என்றாள். றஜனியோடு அவள் அதற்கு முன் கதைத்தது பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல மட்டும்தான்.

இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சில பின்னேரங்களில் அறைக்குள்ளிருந்து ஷாரோனின் தமிழ் கேட்கும். சொல்லுக்குச் சொல் தடக்கி விழுகிற தமிழ். "மாமி, மெதுவாச் சொல்லுங்கோ, விளங்கேல்லை" என்பாள். அன்ரன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கேட்காததுபோல இருந்து கேட்பார்.

8

இன்று யுன்ஹி கொஞ்சம் ஆறியபிறகு மற்றதையும் சொன்னாள். தகப்பன் அந்த நூடில்ஸ் கடைக்கு மேலே ஒரு அறையை எடுத்துவிட்டாராம். நாளைக்கே கந்தோர் திறக்கிறாராம். மருந்தைக் குடிக்கிறாரா என்று யார் பார்ப்பது என்று யுன்ஹி கேட்டதற்கு, அந்தத் தாய் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். "எனக்குக் கோபம் தீரவில்லை" என்றாள். பிறகு பகேரியா ரயிலுக்கு ஓடினாள்.

மத்தியானம் வீட்டுக்குப் போக நான் பேருந்தில் இருந்தபோது மச்சாள் எடுத்தாள். சத்தத்தில் காதோடு ஒட்டிப் பிடித்தேன்.

"மச்சாள், இண்டைக்குக் கந்தோருக்குப் போனனான்."

"கையெழுத்து வைச்சிட்டியோ?"

"கேளுங்கோவன். எழுதுற பெடியன் பத்திரத்தை எடுத்து நீட்டினவர். நான் சொன்னன், தம்பி, செத்தது எண்டு எழுதுறீங்கள்தானே, எங்கை செத்தது, என்ன நடந்து செத்தது எண்டும் எழுதுங்கோ, நான் வாசிச்சுப் போட்டு வைக்கிறன் எண்டு."

"அதுக்கு?"

"பேனையைக் கீழை வைச்சிட்டார். அக்கா, அதை நான் எப்பிடி எழுதுறது, எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டார். நல்ல பெடியன் மச்சாள், அவரிலை பிழையில்லை. தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேட்டு எழுதுங்கோ, அவை எழுதினாப் பிறகு நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டு எழும்பிட்டன்."

"அப்ப காணி?"

"காணி அப்பிடியேதான் கிடக்கு." அவள் மூச்சு வாங்கினாள். நடந்துகொண்டு கதைக்கிறாள் போலிருந்தது. "கொட்டிலும் ஒழுகத்தான் போகுது. பெடியனுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. நான் செய்தது சரியோ மச்சாள்?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது. பேருந்து திரும்பியது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உடனை வீட்டை போயிட்டியோ?" என்று கேட்டேன்.

"இல்லை. எனக்குப் பின்னாலை ஒரு மனிசி நிண்டவ, அவவும் காணாமல் போன மனிசன்ரை மரணப் பத்திரத்துக்குத்தான் வந்தவ. ஆர் எண்டு எனக்குத் தெரியாது. நான் எழும்ப, அவ போய்க் கதிரையிலை இருந்து, எனக்கும் அதை எழுதித் தாங்கோ தம்பி எண்டு கேட்டா. பிறகு அவவுக்குப் பின்னாலை நிண்டவவும் கேட்டா. நான் வாசல்லை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டன் மச்சாள். கந்தோர் பூட்டுமட்டும் கேட்டுக்கொண்டே இருந்தவை."